ஒரே தண்ணீருக்கு இரண்டு கணக்கு

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்ட கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சரே நேரில் போய் அட்டைகளை இறக்கிவிட்டார், கொஞ்ச நேரத்தில் காற்று அடித்து அத்தனையும் கரை ஒதுங்கியது, அப்புறம் தமிழ்நாடே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு, "அட்டை காற்றில் பறக்காமல் அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுப் பார்த்தால், பதில் சொல்லப் பலருக்கும் தடுமாறும். ஆவியாவது நின்றிருக்கும், சரி. அந்த அணை மேல் விழுந்துகொண்டிருந்த வெயில் என்ன ஆகியிருக்கும்? ஆவியாக்கத்தான் அது செலவாகிக்கொண்டிருந்தது, இப்போது அது எங்கே போகும்?

நீர்ச் சுழற்சி என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்துப் படம் நினைவுக்கு வருகிறது. கடல், மேகம், மலை, வட்டமாக நாலு அம்புக்குறி. அந்தப் படத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது, அம்புக்குறியைத் தள்ளுகிற வெயிலுக்குக் கணக்கே இல்லை. பாதி குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையில் இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கிறது, ஒன்று தண்ணீருக்கு, இன்னொன்று ஆற்றலுக்கு.

முதல் புத்தகம்: வந்தது, போனது, இருப்பு

வீட்டு வரவு செலவு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு நிலத்துக்கோ ஏரிக்கோ வருமானம் என்றால் மழை, மேலிருந்து ஓடிவரும் தண்ணீர். செலவு என்றால் வழிந்தோடியது, ஆவியானது. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பில் போய்ச் சேரும்: ஏரி மட்டம், மண்ணின் ஈரம், நிலத்தடி நீர். இதற்கு நீர்க்கணக்கு என்று பெயர். தண்ணீர் எங்கும் மாயமாகாது, ஏதாவது ஒரு பத்தியில் இருந்தே ஆக வேண்டும்.

அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். இது ஒன்று கையில் இருந்தால் போதும், மீதியெல்லாம் பெருக்கல்தான். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். பெருக்கினால் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 26 லோடு. தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு வருடம் முழுக்க 2 லட்சம் லிட்டர் போதும். அப்படியென்றால் சென்னைக்கு எதற்குத் தண்ணீர் லாரி?

ஏனென்றால் சம்பளம் மாதாமாதம் வரவில்லை. அந்த மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வருடக் கணக்கில் பார்த்தால் "நல்ல சராசரி" என்று தெரிவது, தினக் கணக்கில் பார்த்தால் வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். நாலு வருடம் கழித்து, 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஊர் ஒன்றுதான், கணக்குப் பார்த்த நாட்கள்தான் வேறு. ஆகவே நீர்க்கணக்கு பற்றி யாராவது பேசினால் முதலில் கேட்க வேண்டியது "எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு?" என்பது.

இடம் என்று சொன்னேன் இல்லையா, அதுவும் லேசுப்பட்டதல்ல. ஈரோடு பக்கம் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். வாய்க்காலை மட்டும் எல்லையாக வைத்துக் கணக்கெழுதினால், கரையில் கசிவது நஷ்டம். வாய்க்காலின் கடைசியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கடைமடைக்காரர் கான்கிரீட் கேட்பது நியாயம்தான். ஆனால் எல்லையைக் கொஞ்சம் அகலமாகப் போட்டுப் பாருங்கள். அந்தக் கசிவுதான் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு வருமானம். ஒரு புத்தகத்தின் செலவு, அடுத்த புத்தகத்தின் வரவு. ஆனால் ஆவியாகிப் போனது அப்படியில்லை. அது இந்தப் பக்கத்துக் கிணறு எதற்கும் வராது. காற்றில் ஏறிய நீராவி சராசரியாக ஒன்பது நாள்போல மேலே இருக்கும், அதற்குள் எத்தனையோ நூறு கிலோமீட்டர் போய்விடும். வைகையில் ஏறியது வைகையிலேயே இறங்கும் என்று நினைப்பது, சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டு ஆண்டிபட்டியிலேயே இறங்குவேன் என்பது மாதிரி.

இதுவரை சொன்னதன் சாரம்: மழையாக வந்தது ஓட வேண்டும், ஆவியாக வேண்டும், அல்லது இருப்பில் சேர வேண்டும். நாலாவது வழி கிடையாது. கணக்கின் எல்லையை மாற்றினால் எது நஷ்டம் என்பதும் மாறும்.

இரண்டாவது புத்தகம்: இதில் நாணயம் யூனிட்

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? "மண்ணுக்குக் குளிர்ச்சி" என்பார்கள். அதே மண்ணில் செய்து, உள்ளே பளபளவென்று மெருகு பூசிய ஜாடியில் தண்ணீர் வைத்தால் குளிராது. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து, பானையின் வயிற்றில் வியர்வை மாதிரி நின்று, ஆவியாகிறது. ஆவியாக ஆற்றல் வேண்டும், அதை அது பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. கொடுத்தவர்கள் குளிர்ந்துபோகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். குளித்துவிட்டுத் துவட்டாமல் ஃபேனுக்குக் கீழே நின்றால் நடுங்குவதும் இதனால்தான்.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையையும் ஒதுக்கிவிடலாம். தண்ணீர் ஆவியாக 100 டிகிரி தேவையில்லை. அது கொதிப்பதற்கு. ஆவியாவது எந்த வெப்பநிலையிலும் நடக்கும், ஆனால் எந்த வெப்பநிலையிலும் இலவசமாக நடக்காது.

என்ன விலை? ஈ.பி. பில்லில் வரும் யூனிட்டிலேயே சொல்கிறேன், அதுவும் ஆற்றலின் அளவுதான். 1 லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெப்பநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 0.68 யூனிட். இது பெரிய தொகை. அதே 1 லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 0.08 யூனிட் போதும், ஆனால் கொதித்த பிறகு அதை முழுசாக வற்றவைக்க அதைப்போல எட்டு மடங்கு ஆகும். பால்கோவா கிண்டியவர்களுக்குத் தெரியும்: பால் பொங்குவது பத்து நிமிடம், சுண்டுவதற்குக் கை கடுத்துவிடும்.

இந்தச் செலவுக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். போட்ட ஆற்றல் தெர்மாமீட்டரில் தெரியாது, நீராவிக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்தது திரும்ப வெளியே வரும், அந்த ஆவி மறுபடி தண்ணீராக மாறும்போது. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டால், கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட மோசமாகச் சுடுமே, அது இதுதான்: கையில் பட்டுத் தண்ணீராக மாறும் ஒவ்வொரு துளியும் தான் வாங்கிய கடனைத் தோலில் திருப்பிக் கட்டுகிறது. வானத்தில் மேகம் உருவாகும்போதும் இதே திருப்பிக் கட்டல் நடக்கிறது. வங்கக் கடலில் நவம்பர் புயல் அவ்வளவு ஆவேசமாகச் சுழல்வதற்கான எரிபொருள், கடல் கொடுத்தனுப்பிய இந்த ஒளித்துவைத்த வெப்பம்தான்.

இப்போது ஒரு ஏரியின் ஆற்றல் கணக்கை எழுதிப் பார்க்கலாம். மே மாதம், மேகமில்லாத நாள், ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு. அதன் மேல் விழும் வெயில் ஒரு நாளைக்குச் சுமார் 6 யூனிட். எல்லாமே தோராயம், நாளுக்கு நாள் மாறும். அரை யூனிட்டுக்கும் குறைவு பட்டுத் திரும்பிவிடும், நீர்ப்பரப்பு பெரிதாக எதிரொளிக்காது. ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், தண்ணீர் தானே வெளிவிடும் வெப்பக் கதிராகப் போய்விடும், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் பக்கத்தில் கை வைத்தால் தொடாமலே சுடுகிறதே, அந்த மாதிரி, என்ன, அவ்வளவு சூடில்லை. கொஞ்சம் பக்கத்துக் காற்றையும் தண்ணீரையும் சூடாக்கும். மீதி நாலு யூனிட் சொச்சம்? ஆவியாக்கத்தான். நாலு யூனிட்டை 0.68-ஆல் வகுத்தால் 6 லிட்டர், அதாவது 6 மி.மீ. மே மாதத்தில் நம் ஏரிகள் ஒரு நாளைக்கு இழப்பது இந்த அளவில்தான்.

6 மி.மீ. கேட்க அற்பமாக இருக்கிறது, சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெரிது. ஒரு ஏக்கருக்குப் போடுங்கள்: 24,000 லிட்டர், 16,000 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது ஏறக்குறைய ஏழு வருட மின்சாரம், ஒரே பகலில், ஒரே ஏக்கரில். செம்பரம்பாக்கம் முழுக்க நிரம்பினால் நீர்ப்பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். அதே 6 மி.மீ. அங்கே 15 கோடி லிட்டர். மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை நாள் முழுக்க ஓடினால் தருவது 10 கோடி லிட்டர். (மே மாதத்தில் செம்பரம்பாக்கம் முழுசாக நிரம்பி இருக்காது என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த ஒப்பீட்டை முதல்முறை போட்டுப் பார்த்தபோது நான் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினேன்.)

இரண்டிலும் எழுதப்படும் ஒரே வரி

கவனித்தீர்களா? ஆவியாதல் என்ற வரி இரண்டு புத்தகத்திலும் வருகிறது. முதல் புத்தகத்தில் லிட்டராக, இரண்டாவதில் யூனிட்டாக. மழைக்கு இரண்டாவதில் நேரடி வரி இல்லை, வெயிலுக்கு முதலாவதில் வரி இல்லை. ஆவியாதல் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு. லிட்டரை 0.68-ஆல் பெருக்கினால் யூனிட், தள்ளுபடி கிடையாது. நெல்வயலில் இலை வழியாகப் போகும் நீராவிப்போக்குக்கும் அதே விலை, மண்ணிலிருந்து நேராகப் போவதற்கும் அதே விலை.

அதனால்தான் ஒன்றில் கை வைத்தால் மற்றதும் அசைகிறது. ஏரியைத் தூர்த்துக் கான்கிரீட் போட்டால் என்ன ஆகும் என்று எல்லோரும் முதல் புத்தகத்தை வைத்துத்தான் பேசுகிறோம்: தண்ணீர் ஊறாது, வழிந்தோடும், வெள்ளம் வரும். உண்மைதான். இரண்டாவது புத்தகத்தையும் திறந்து பாருங்கள். அதே வெயில் அந்த இடத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆவியாக்கத் தண்ணீர் இல்லை. அந்த நாலு யூனிட் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் தளத்தையும் காற்றையும் சூடாக்கத்தான் போக வேண்டும். இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் வெறுங்காலில் நின்றால் பாதம் சுடுகிறதே, பகலில் செலவழிக்க வழியில்லாமல் தளத்தில் தேங்கிய யூனிட்தான் அது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல. ஒரு வாளி, 10 லிட்டர், முழுசும் ஆவியானால் கிட்டத்தட்ட 7 யூனிட் வெப்பம் போகும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு மேல் முழுமூச்சாக ஓடி வெளியேற்றும் வெப்பம் அது. என்ன, பாதித் தண்ணீர் ஆவியாகாமல் குழாய் வழியே ஓடிவிடும்.

சுருக்கமாக: தண்ணீர் இருக்கிற இடத்தில் வெயில் ஆவியாகச் செலவாகிறது, இல்லாத இடத்தில் சூடாகச் செலவாகிறது.

தண்ணீர் தீருமா, வெயில் தீருமா

இந்த இரண்டில் எது முதலில் தீர்கிறது என்பதை வைத்தே ஒரு ஊரின் குணத்தைச் சொல்லிவிடலாம். ராமநாதபுரத்தில் வெயிலுக்குக் குறைவே இல்லை. வருடம் முழுக்க அங்கே விழும் வெயில் ஆவியாக்கக்கூடிய தண்ணீர், பெய்யும் மழையைவிட ரொம்ப அதிகம். அங்கே ஆவியாவதை நிறுத்துவது தண்ணீர்த் தட்டுப்பாடுதான்: மண் காய்ந்துவிடும், செடி இலைத்துளையை மூடிக்கொள்ளும், மீதி வெயில் சூடாக மாறும். ஜூலை மாத வால்பாறை நேரெதிர். தண்ணீர் எங்கும் சொட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் மேகம் வெயிலை உள்ளே விடுவதில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அங்கே மழையில் பெரும்பகுதி ஓடைக்குத்தான் போக முடியும், ஆவியாக்கப் பணம் இல்லை.

துணி காய்வது என்றதும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றல் மட்டும் இருந்தால் போதாது, ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்றிலும் இடம் இருக்க வேண்டும். வெயிலே இல்லாவிட்டாலும் காய்ந்த காற்று வீசினால் துணி காயும், அந்த ஆற்றலைக் காற்றே தருகிறது. சென்னையில் புழுக்கம், காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. மதுரையில் குளிர்கிற மண்பானை சென்னையில் அவ்வளவு குளிராமல் ஏமாற்றுவது இதனால்தான், பானைக்காரர் மேல் தப்பில்லை.

இதை எப்படி அளக்கிறார்கள்

வானிலை நிலையங்களில் ஒரு வட்டத் தொட்டி வைத்திருப்பார்கள். சுமார் 1.2 மீட்டர் அகலம், 25 செ.மீ. ஆழம், தரைக்குச் சற்று மேலே மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தினமும் காலையில் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து எழுதுவார்கள். நம் ஊரில் அதன் மேல் கம்பிவலை போட்டிருக்கும். பெரிய அறிவியல் காரணமெல்லாம் இல்லை, காக்கா வந்து குடித்துவிட்டால் அதுவும் ஆவியாதல் கணக்கில் ஏறிவிடும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தத் தொட்டி பக்கத்து ஏரியைவிட அதிகம் இழக்கும். தண்ணீர் ஒன்றுதான், வெயில் ஒன்றுதான், அப்புறம் ஏன்? இரண்டாவது புத்தகத்தைப் பாருங்கள். தொட்டியின் உலோகப் பக்கங்களிலும் வெயில் படுகிறது, சுற்றியுள்ள சூடான காற்றும் ஆற்றல் தருகிறது. ஏரிக்குப் பக்கச்சுவர் கிடையாது. ஆகவே தொட்டியில் 10 மி.மீ. இறங்கினால் ஏரியில் தோராயமாக 7 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தொட்டிக் கணக்கை அப்படியே ஏரிப் பரப்பால் பெருக்கி "இத்தனை கோடி லிட்டர் ஆவியாகிவிட்டது" என்று யாராவது எழுதினால், மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

உலகத்துக்கும் இதே கணக்கு

பூமி முழுக்கச் சராசரி எடுத்தால், ஆவியாக்கச் செலவாகும் ஆற்றல் ஒரு சதுர மீட்டருக்கு 80 வாட். ஒரு பழைய குண்டு பல்பு இரவும் பகலும் எரிகிற மாதிரி. தரையும் கடலும் உறிஞ்சும் வெயிலில் இது ஏறக்குறைய பாதி. 80 வாட் 24 மணி நேரம் எரிந்தால் 1.92 யூனிட். 0.68-ஆல் வகுத்தால் 2.8 மி.மீ., 365-ஆல் பெருக்கினால் சுமார் 1,000 மி.மீ. இப்போது முதல் புத்தகத்தைத் திறந்தால், உலகச் சராசரி மழை வருடத்துக்குச் சுமார் 1 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றேதான். ஒன்றை ஆற்றலை வைத்துக் கணக்கிட்டோம், இன்னொன்று பெய்ததை அளந்து வந்தது. இரண்டு கணக்கும் இப்படி ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.

இதிலிருந்து ஒரு விளைவு. "பூமி சூடானால் காற்று அதிக ஈரம் பிடிக்கும், அதனால் மழையும் அதே அளவு கூடும்" என்று பலரும் எழுதுகிறார்கள். முதல் பாதி சரி: ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைக் காற்று தாங்கும். ஆனால் உலகின் மொத்த மழை ஒரு டிகிரிக்கு 2, 3 சதவீதம்தான் கூடும் என்று கணக்கிடுகிறார்கள். பை பெரிதானால் மட்டும் போதாது, அதை நிரப்பிக் காலி செய்ய ஆற்றல் கணக்கு இடம் தர வேண்டும். மேகமாகும்போது வெளிவரும் வெப்பத்தை வளிமண்டலம் விண்வெளிக்குக் கழித்துக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு வேகம்தான் உண்டு. பெரிய பை, மெதுவாகக் கூடும் மொத்தத் தொகை. அதனால் கொட்டும்போது அதிகமாகக் கொட்டுகிறது, ஆனால் மொத்தம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

சரி, அந்தத் தெர்மோகோல்?

யோசனையின் அடிப்படையில் தப்பில்லை. வெள்ளை அட்டை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், ஆவி வெளியேறும் வழியையும் அடைக்கும். ஆற்றல் உள்ளேயே வராததால் அது எங்கே போகும் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது: வானத்துக்கே. அதுவே கறுப்பு அட்டையாக இருந்தால், வெயிலைக் குடித்துச் சூடாகி, காற்றுக்கும் கீழே தண்ணீருக்கும் தரும். சிக்கல் இரண்டு. ஒன்று, அட்டையைக் கட்டிப்போடவில்லை. இரண்டு, பரப்பு. ஒரு மீட்டர் நீளம் அரை மீட்டர் அகலம் உள்ள அட்டை என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கே 20 லட்சம் அட்டை வேண்டும்.

அதே யோசனையை வேறு மாதிரி செய்தவர்கள் இருக்கிறார்கள். 2012-இல் குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்துச் சந்திராசனில், நர்மதைக் கால்வாயின் ஒரு கிளை மேல் 750 மீட்டர் நீளத்துக்குச் சூரியத் தகடுகளைக் கூரை மாதிரி போட்டார்கள், 1 மெகாவாட். தெலங்கானாவின் ராமகுண்டத்தில் நீர்த்தேக்கத்தின் மேலேயே மிதக்கும் தகடுகள், 100 மெகாவாட். அங்கே ஆற்றல் புத்தகத்தில் புதிதாக ஒரு வரி சேர்கிறது: விழும் வெயிலில் ஒரு பங்கு கம்பி வழியே மின்சாரமாக வெளியேறிவிடுகிறது, தகட்டின் நிழலில் இருக்கும் தண்ணீருக்கு அது கிடைப்பதில்லை. கீழே தண்ணீர் இருப்பதால் தகடும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்து, தரையில் வைத்ததைவிடச் சற்று நன்றாகவே வேலை செய்கிறது. முக்கியமாக, அதை நங்கூரம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.